ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பேராசிரியரும் நம் வீட்டுத் திருமணமும்

பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் மலரில், நம் முன்னோர் வரலாற்றோடு ஓர் அயல்நாட்டு ஆசிரியரின் வரலாறும் இடம்பெற வேண்டும் என்று விரும்பினேன். அவர் பெயர் ஜே. பி. எஸ். ஹால்டேன். நம்மில் பலர் கேள்விப்படாத பெயர். ஆனால் அவர் கண்டறிந்த உண்மை நம் வீட்டுப் பிள்ளைகளின் உடல்நலத்தோடு தொடர்புடையது.

1892-இல் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் பிளாக் வாட்ச் என்னும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்து, பிரான்சிலும் ஈராக்கிலும் காயமடைந்தார். உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோதுதான் அந்த நாட்டை முதன்முதலில் பார்த்தார்.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் கற்பித்தார். உயிரியலில் உலகப் புகழ் பெற்ற இவரிடம் அறிவியல் பட்டம் எதுவும் இல்லை. கல்லூரியில் இவர் படித்து முடித்தது கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும்தான். பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு வியாபாரத்துக்கு வந்த என் போன்றவர்களுக்கு இது பெரிய ஊக்கம்.

1956-இல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்ப் பகுதி மீது படையெடுத்ததைக் கண்டித்த ஹால்டேன், 1957-இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். வேட்டி, ஜிப்பா அணிந்தார். சைவ உணவுக்கு மாறினார். 1961-இல் இந்தியக் குடிமகனானார். விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்க வேண்டாம், கண்ணெதிரே இருப்பதை எண்ணிப் பாருங்கள் என்பதே அவர் மாணவர்களுக்குக் காட்டிய வழி. அவ்வாறே டேவிஸ் என்பவர் தென்னை மரங்களின் ஓலை இடப்புறம் சுழல்கிறதா வலப்புறம் சுழல்கிறதா என்று எண்ணினார். திரோணம்ராஜு, உண்ணிச்செடியில் எந்த நிறப் பூவை வண்ணத்துப்பூச்சி நாடுகிறது என்று கணக்கெடுத்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியா முடக்கிப் போட்டது. கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சதுப்பு நிலங்களை வடியவைத்து அதைக் கட்டுப்படுத்தினார். தோட்டங்களில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர் இந்தக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். மலேரியா மிகுந்த நாடுகளில் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாடும் மிகுதியாக இருப்பது ஏன்? அந்தக் குறைபாட்டின் மரபணுவைப் பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை மலேரியா அவ்வளவாகத் தாக்காது, அதனால்தான் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்று ஹால்டேன் 1949-இல் கருத்துரைத்தார். பிந்திய ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன.

அப்படிப்பட்டவர் நலமாகவே வாழ்வார். ஆனால் கணவன் மனைவி இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்தில் சம்பந்தம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. எனினும் ஒரே குடும்பத்தில் ஒரே மரபணு இருவரிடமும் இருக்கக்கூடும். திரோணம்ராஜுவும் மீரா கான் என்பவரும் சேர்ந்து ஆந்திரத்தில் இத்தகைய திருமணங்களையே ஆராய்ந்து 1963-இல் எழுதினர்.

நம் நாட்டுப் பள்ளிகளில் படிவம் நான்கு மாணவர்களுக்கான தலசீமியா பரிசோதனை 2016-இல் தொடங்கப்பட்டது. அந்த முடிவுத் தாளை அலமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பரிசோதனை செய்யாத பிள்ளைகளுக்கு நிக்காஹ் பேசும் முன்பே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இது சம்பந்தத்தை முறிப்பதற்கு அல்ல; தெரிந்து முடிவெடுப்பதற்கு.

1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் புற்றுநோயால் ஹால்டேன் மறைந்தார். அவர் விருப்பப்படியே அவரது உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. இறந்த பின்னும் மாணவர்களுக்குப் பாடமானார். அந்தப் பாடத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.