சிறப்பு அதிரடிப்படை (தமிழ்நாடு)

சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிக்கத் தமிழ்நாடு காவல்துறை 1993-ல் அமைத்த தனிப்படை. அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கூட்டம் பாலாறு அருகே வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டபின், வால்டர் தேவாரம் தலைமையில் இது உருவானது.

ஊர்களில் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் பார்க்கும் காவலரின் வேலை வேறு. நாள்கணக்கில் காட்டில் பதுங்கிக் கிடக்கும் வேலை வேறு. எனவே உடல்வலுவும் குறிபார்த்துச் சுடும் திறனும் உள்ளவர்களைக் காவல்துறையின் பல பிரிவுகளிலிருந்து திரட்டினார்கள். சத்தியமங்கலம் இதன் முக்கியத் தளம். ஆனாலும் ஆள்பலத்தால் மட்டும் காரியம் ஆகவில்லை, உளவுதான் கைகொடுத்தது. கே. விஜயகுமார் தலைமையில், கண் சிகிச்சைக்கு அழைத்துப் போவதாக நம்பவைத்து வீரப்பனை ஆம்புலன்ஸில் ஏற்றினர். வண்டியை ஓட்டியவரே அதிரடிப்படைக்காரர். 2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இந்த வெற்றிக்கு மலைக்கிராம மக்கள் கொடுத்த விலை பெரிது. அதை விட்டுவிட்டு இப்படையின் வரலாற்றை எழுதுவது நியாயமாகாது. தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் மீதான சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு வழங்க 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது.