சிறுநீரக நோயும் மாட்டிறைச்சியும்: அளவும் சமைக்கும் முறையும்

நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் மாட்டிறைச்சி உண்ணலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. நோய் எந்த நிலையில் உள்ளது, டயாலிசிஸ் நடைபெறுகிறதா, இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் எவ்வளவு உள்ளன என்பவற்றைப் பொறுத்து மருத்துவர் அளவை முடிவு செய்வார்.

டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். சோறு, இட்லி, பருப்பு, பால் ஆகியவற்றிலேயே இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எலும்பும் கொழுப்பும் நீக்கிய 50 கிராம் பச்சை இறைச்சியில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் உண்டு. எனவே, இறைச்சி உண்ணும் நாளில் பருப்பையும் முட்டையையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிறைச்சிக்கும் கணக்கு ஏறத்தாழ இதுவே.

டயாலிசிஸ் தொடங்கியபின் நிலைமை மாறுகிறது. புரதத்தின் கூறுகள் ஓரளவு வெளியேறிவிடுவதால், தேவை கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. பல வீடுகளில் அக்கறையின் காரணமாகவே பழைய பத்தியத்தைத் தொடர்கின்றனர். அதனால் தசை கரைந்து நோயாளி மேலும் நலிவடைகிறார். டயாலிசிஸ் தொடங்கியவுடன் புதிய உணவு அளவைக் கேட்டுப் பெறுங்கள்.

சமைக்கும்போது இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பின்னர் புதிய நீரில் நன்கு வேகவைக்க வேண்டும். இதனால் பொட்டாசியமும் பாஸ்பரசும் ஓரளவு குறையும். குக்கரில் வேகவைத்த நீரையே குழம்பாக்கினால் நீங்கியவை மீண்டும் உடலுக்குள் சென்றுவிடும். எலும்பு சூப், ஈரல், உப்புக்கண்டம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். தென்னையும் வாழையும் மிகுந்த கம்பம் பள்ளத்தாக்கில், பண்ணைப்புரம் போன்ற ஊர்களில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வறுவலில் சேரும் தேங்காய்க் கீற்று, உணவுக்குப்பின் உண்ணும் வாழைப்பழம், இளநீர் ஆகிய மூன்றும் பொட்டாசியத்தைக் கூட்டும்.

நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். கடை மசாலாப் பொடிகளிலும் உப்பு இருக்கலாம். சோடியம் குறைந்தது என விற்கப்படும் உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் அவற்றை வாங்க வேண்டாம். பாஸ்பரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தரப்பட்டிருந்தால் அதை மருத்துவர் கூறியவாறு உணவுடன் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் உணவிலுள்ள பாஸ்பரசை அது தடுக்காது.

சமைத்த இறைச்சி, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ இரத்தப் பரிசோதனைக்குச் செல்வதாயின், அதற்கு முந்தைய 12 மணி நேரம் இறைச்சி உண்ண வேண்டாம்.

கடும் தசைத் தளர்ச்சி, சீரற்ற நெஞ்சுத்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.