பேயுமில்லை, பாசாங்குமில்லை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைப் பெரியவர்கள் பிட் தெரு என்று சொல்வார்கள். 1801ஆம் ஆண்டில் காதர் மைதீன் நிறுவிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. சீனர்கள் வணங்கும் குவான் இன் ஆலயமும் அதே சாலையில்தான் உள்ளது. பக்கத்துக் குயின் தெருவில் மாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் தர்கா. நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எல்லா இனத்தவரும் இங்கே வருவதுண்டு.

அப்படி வேண்டிக்கொள்ளும் நோய்களில் ஒன்று மிகவும் வினோதமானது. திடீரென்று கால் வராது, கை நடுங்கும், பேச்சு நின்றுவிடும், வலிப்பு வந்தாற்போல் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். ‘பேய் பிடித்துவிட்டது’ என்பார் ஒருவர். ‘வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள்’ என்பார் இன்னொருவர். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையில் துன்பப்பட்டவர்களின் வரலாற்றையே இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

பழங்காலக் கிரேக்க வைத்தியர்கள் இப்படிப்பட்ட கோளாறுகளைக் கருப்பையோடு தொடர்புபடுத்தினார்கள். ‘ஹிஸ்டீரியா’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே இது பெண்களின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ, விபத்தில் அடிபட்ட ஆண் தொழிலாளர்களுக்கும் இது வருவதை எடுத்துக்காட்டினார். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நடுக்கத்தாலும் வாயடைப்பாலும் அவதிப்பட்டனர். அவர்களில் பலருக்குக் கிடைத்த பட்டம் ‘கோழை’ என்பது!

நம் நாட்டுக்கு வருவோம். 1970களில் பினாங்கு பாயான் லெப்பாஸிலும் சிலாங்கூர் சுங்கைவேயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. கிராமத்து இளம்பெண்கள் அங்கே ஷிப்டு முறையில், நுண்பெருக்கியில் கண் பதித்து வேலை செய்தார்கள். 1978இல் சுங்கைவே ஆலை ஒன்றில் சுமார் 120 பெண்கள் அலறித் துடித்தார்கள். ஆலையை மூன்று நாள் மூடி, போமோவை அழைத்து ஆடு அறுத்தார்கள். பினாங்கில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் இவற்றை ஆராய்ந்து 1987இல் ஒரு நூல் எழுதினார். வேலைச் சுமையும் இடைவிடாத கண்காணிப்பும் அந்தப் பெண்களை எப்படி நெருக்கின என்பதை அதில் விளக்கினார். அது கூட்டமாக வந்தது. தனி ஒருவருக்கு வருவதும் அதற்கு உறவானதே.

இன்று மருத்துவர்கள் இதைச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்கிறார்கள். நரம்பு அறுபடவில்லை, மூளை உடம்புக்கு அனுப்பும் செய்தியில்தான் தடுமாற்றம். வானொலிப் பெட்டி உடையாமலிருந்தும் அலைவரிசை விலகிவிட்டால் பாட்டு சரியாகக் கேட்காதல்லவா? அதைப் போலத்தான். மனக் கவலைக்குப் பின் வரலாம். அடிபட்ட பின் வரலாம். காரணம் தெரியாமலும் வரலாம்.

நடிப்பில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? 1908இல் ஹூவர் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு சோதனையை விவரித்தார். நோயாளியைப் படுக்க வைத்து, வராத காலைக் கீழே அழுத்தச் சொன்னால் அவரால் முடியாது. நல்ல காலைத் தூக்கச் சொன்னாலோ, வராத கால் தானாகவே கீழே அழுத்தும். நினைத்தால் வராத பலம், நினைக்காதபோது வருகிறது! இதை நோயாளிக்கே காட்டி, ‘உங்கள் நரம்பு நன்றாக இருக்கிறது, மீளலாம்’ என்று நம்பிக்கை ஊட்டுகிறார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையும் மன ஆலோசனையும் பலருக்குக் குணம் தருகின்றன. சிலருக்கு நாள் பிடிக்கும்.

தாய்மார்களே, ஒன்றை மறக்க வேண்டாம். கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ, முதன்முறை வலிப்பு வந்தாலோ, என்ன நோயென்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே 999க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலிப்பின்போது பக்கவாட்டில் படுக்க வையுங்கள்; வாயில் எதையும் திணிக்காதீர்கள். வேப்பிலையால் அடிப்பதும் மிளகாய்ப் புகை போடுவதும் வேண்டாம். நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள், அதற்காக மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். ‘நடிக்காதே’ என்ற சொல்லை மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவே வேண்டாம்.