நகரும் பிளவு

ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளுக்குத் தெற்கே எழுந்து நிற்கும் பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. தென்னாட்டை வாட்டி வதைத்த தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரிய மண்டலத்தில் தோன்றும் மாறுதல்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய விரும்பிய அரசாங்கம், மிச்சி ஸ்மித் என்னும் வானநூல் வல்லுநர் பல மலைகளைச் சோதித்துக் கூறிய முடிவை ஏற்று, 1899-இல் இதனை நிறுவிற்று. 1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். பழைய ஃபிலிம் காமிராக்களின் ஷட்டர் திரைக்கு நேரும் கோளாறுகளை உணர்ந்துகொள்ள விரும்புவோர் இம்மலைமேல் நடந்த காரியத்தை முதலில் அறிவது நலம். ஏனெனில், இரண்டுக்கும் ஆதாரமான தத்துவம் ஒன்றே.

படம் எடுக்கும் கலையின் தொடக்க காலத்தில், லென்ஸின் மூடியைக் கையால் எடுத்துச் சில விநாடி கழித்து மறுபடியும் மூடுவதே வழக்கம். சூரியனின் பேரொளிக்கு முன் அம்முறை பயன்படாது. ஆகவே, 1850-களின் இறுதியில் இங்கிலாந்திலுள்ள கியூ என்னுமிடத்தில் சூரியனைப் படமெடுக்கக் கருவி வகுத்த வாரன் தெ லா ரூ, பிம்பம் விழும் இடத்தில் மெல்லிய பிளவுடைய தகடொன்றை வைத்து, அது ஒரே பாய்ச்சலில் குறுக்கே ஓடும்படி செய்தார். கண்ணாடிப் பிளேட்டின் ஒவ்வொரு பகுதியும் அப்பிளவு கடந்து செல்லும் கணநேரம் மட்டுமே ஒளியைக் கண்டது.

கோடைக்கானலில் நிறுவப்பட்ட ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவியோ இத்தத்துவத்தின் உச்சமாகும். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, கால்சியம் தரும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிளவின் வழியே அனுமதித்து, சூரிய வட்டம் முழுவதையும் கீற்றுக் கீற்றாகப் பிளேட்டில் வரைந்து முடிக்கும் அக்கருவியில், பிளவின் விளிம்பில் ஒரு தூசி ஒட்டினாலும் படத்தின் குறுக்கே நீண்ட கோடு விழும். ஓட்டம் சற்றே தயங்கினாலும் பட்டை பட்டையாய் ஒளி மாறுபடும். பிளவுக்கு உயிர்நாடி வேகமன்று, சமவேகமே என்னும் உண்மை இதனால் விளங்கும்.

இதே பிளவைக் கைக்குள் அடங்கும் காமிராவில் வைத்துப் புகழ் பெற்றவர் ஜெர்மானியரான ஆஸ்கர் பர்னாக். 1925-இல் லைப்சிக் சந்தையில் வெளிவந்த அவருடைய லைக்கா காமிராவில், ரப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு, ஸ்பிரிங் அடங்கிய உருளைகளால் இழுக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. இரண்டுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளியே பிளவாயிற்று. பிற்காலத்தில் நம் பக்கத்து ஸ்டூடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் புழங்கிய ஜெனித், 1976-இல் வந்த பென்டாக்ஸ் கே-1000 முதலியனவும் இக்குலத்தைச் சேர்ந்தவையே.

இத்திரைகளின் கணக்கு மிகவும் சூக்ஷ்மமானது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தைத் திரை ஏறக்குறைய விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிறது என்று கொண்டால், 1/1000 விநாடிக்கு இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். முதல் திரை வழியில் தளர்ந்து அந்த 2 மில்லிமீட்டரை இழந்துவிட்டால், பின்திரை அதை எட்டிப்பிடித்துவிடும், பிளவு மூடிக்கொள்ளும், ஓட்டம் முடியும் பக்கத்தில் படம் இருண்டுபோகும். பின்திரை தளர்ந்தாலோ, அதே பக்கம் அளவுக்கு மீறி ஒளி பெற்று வெளுக்கும். 1/30 விநாடியில் அதே பழுது கண்ணுக்கே தெரியாது. பழைய காமிராவை வாங்குவோர், முதுகுக் கதவைத் திறந்து, ஃபிலிம் இல்லாமலே வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, உயர்ந்த வேகங்களில் ஷட்டரை அடித்துப் பார்க்கவேண்டியதன் காரணம் இதுவே.

ரப்பர் வறண்டு உதிர்ந்த துணியில் உண்டாகும் ஊசித்துளைகள் வேறு வகை. அவை எல்லா வேகங்களிலும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தோன்றும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சிறிய டார்ச் விளக்கைத் திரைக்கு முன்னே பிடித்துப் பின்புறமிருந்து நோக்கினால் அவை புலப்படும். லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத லைக்கா போன்ற காமிராக்களை லென்ஸ் மூடியின்றி வெயிலை நோக்கி வைத்துவிட்டால், சூரிய பிம்பமே திரையைச் சுட்டுத் துளைத்துவிடும்.

அடிவாரத்தில் ஒழுங்காக ஓடிய காமிரா கோடைக்கானல் குளிரில் தயங்குவதும் உண்டு. பல ஆண்டு கிடந்து பசையாகிப்போன எண்ணெயும் கிரீஸும் குளிரில் மேலும் இறுகுவதே காரணம். அப்போது ஸ்பிரிங்கை முறுக்கி வேகம் கூட்ட முனைவது, சேற்றில் புதைந்த சக்கரத்தைத் துடைக்காமல் மாட்டை அடிப்பதற்கு ஒப்பாகும். அழுக்கு நீக்காமல் முறுக்கேற்றிய திரை சில நாள் ஓடிப் பின்னர் துணியையோ அதை இழுக்கும் நாடாவையோ கிழித்துக்கொள்ளும். முதலில் பழைய எண்ணெயைப் போக்கி, உருளைகளைச் சுத்தம் செய்து, துணியின் நிலையைப் பார்த்து, துளையிருந்தால் மடிந்து நிமிரக்கூடிய கறுப்புப் பூச்சால் அடைத்து, துணி விறைத்துப் போயிருந்தால் புதுத் திரையே மாற்றி, எல்லாம் முடிந்த பிறகே முறுக்கை இம்மி இம்மியாகத் திருத்தவேண்டும். அதுவும் இரு திரைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே திருத்தவேண்டும்.

நூறாண்டுக்கு மேலாக மலைமேல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடத் தக்கவையாக விளங்குவதற்கு, பிளவின் ஒழுங்கான ஓட்டமும் அதைக் காத்துவந்த பணியாளரின் பொறுமையும் பெருங்காரணங்களாகும். ஒரு குடும்பத்தின் பழைய காமிராவைச் செப்பனிட எடுத்துக்கொள்பவருக்கும் அந்தப் பொறுமையே வேண்டும். படத்தில் விழுந்த இருளையும் வெளுப்பையும் புள்ளியையும் முதலில் வாசித்து, நோய் இன்னதென்று துணிந்து, அதன்பின் திருப்புளியை எடுப்பவர் கையில் ஐம்பது வயதுக் காமிராவும் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.