குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடி தாயைப் பாருங்க

டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் இப்பல்லாம் கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான். "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் கிடக்குது. நாட்டுக்கோழி வளர்க்கலாம்னு இருக்கேன். நல்ல குஞ்சு எங்க கிடைக்கும்?"

எங்க அம்மா காலத்துல இந்தக் கேள்வியே கிடையாது. அவங்க ஆயுசுல ஒரு கோழிக்குஞ்சைக் கூட காசு கொடுத்து வாங்கினதில்லை. கோழி அடை படுத்தா குஞ்சு வரும், அவ்வளவுதான். குஞ்சைத் தனியா, தாயில்லாம, அட்டைப்பெட்டியில வாங்கற வழக்கம் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டா, எந்தக் குஞ்சை வாங்கணும்ங்கறதும் தன்னால விளங்கிடும். அதனால கொஞ்சம் பழைய கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

கோழி முதல்ல காட்டுப் பறவை. வீட்டுக்கோழிக்கு மூதாதை செந்நிறக் காட்டுக்கோழிதான்னு டார்வின் 1868ல் வந்த புத்தகத்துலயே எழுதிட்டார். எங்கே, எப்போ வீட்டுக்கு வந்ததுன்னு 2022ல் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. தாய்லாந்துல பான் நான் வாட்ங்கற இடத்துல கிடைச்ச எலும்புகள்தான் இதுவரை உறுதியா சொல்ல முடிஞ்ச பழைய வீட்டுக்கோழி எலும்புகள். சுமார் 3,500 வருஷம் ஆகுது. மனுசன் மானாவாரியா நெல்லும் தினையும் விதைச்சான், சிந்தின தானியத்தைப் பொறுக்க காட்டுக்கோழி வந்துது, அப்படியே ஊரோட ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. இன்னைக்கும் களத்துல சோளம் காயப்போட்டா முதல் ஆளா வந்து நிக்கறது கோழிதானே.

இதுல நம்ம பக்கத்துப் பங்கும் ஒண்ணு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில சாம்பல் காட்டுக்கோழி இருக்குது. புதுச்சேரியில பல வருஷம் இருந்த சோன்னராங்கற பிரெஞ்சுக்காரர், வீட்டுக்கோழி இதுல இருந்துதான் வந்துதுன்னு நினைச்சார். அறிவியல் பேர்லயும் அவர் பேர் ஒட்டிக்கிச்சு. அவர் சொன்னது முழுசா சரியில்லைன்னு பின்னால வந்தவங்க தள்ளிட்டாங்க. ஆனா 2008ல் மரபணுவைப் பார்த்தப்ப, வீட்டுக்கோழிக்குக் கால் மஞ்சளா, தோல் மஞ்சளா இருக்கற குணம் அந்தச் சாம்பல் காட்டுக்கோழி கிட்ட இருந்துதான் கலந்துதுன்னு தெரிஞ்சுது. அடுத்த தடவை மஞ்சக்கால் கோழியைப் பார்த்தா, நம்ம மலைக்காட்டு உறவுன்னு நினைச்சுக்குங்க.

தமிழ்நாட்டுல கோழிக்கு மரியாதை பழசு. சோழர்களோட பழைய தலைநகர் உறையூருக்கே கோழின்னு ஒரு பேர். ஒரு கோழி யானையை எதிர்த்து ஜெயிச்ச இடம்னு கதை. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல சேவலுக்கு நடுகல் இருக்குது. சுமார் 1,500 வருஷத்துக்கு முன்னால சண்டையில செத்த சேவலுக்குக் கல் நட்டு, மேல சேவல் உருவமும் செதுக்கி, எந்த ஊர் எந்தச் சேரிச் சேவல்னும் எழுதி வெச்சிருக்காங்க. மனுசனுக்கே பேர் நிலைக்காத காலத்துல ஒரு சேவலோட ஊர் கல்லுல நிலைச்சிருக்குது.

அந்தச் சேவல் எங்கிருந்து வந்துச்சு? யாரோ ஒரு பொம்பளை அடை வெச்ச முட்டையில இருந்துதான். சேவலோட வம்சத்தை ஆம்பளைங்க பேசுனாங்க, கோழியோட வம்சத்தைப் பொம்பளைங்க காப்பாத்துனாங்க. கொங்குப் பக்கம் இன்னும் பெருவிடை, சிறுவிடைன்னு ரெண்டு வகையாச் சொல்லுவோம். பெருவிடை உயரமா, நீண்ட காலோட, சண்டைக்குப் போற அசீல் சாயல்ல இருக்கும். சிறுவிடை உருவத்துல சின்னது. ஆனா அடை படுக்கறதுலயும் குஞ்சைக் காப்பாத்தறதுலயும் அதை அடிச்சுக்க ஆள் கிடையாது.

எங்க அம்மா முட்டைகளைத் தேதி வாரியா அரிசிப்பானையில வெச்சிருப்பாங்க. அடைக்கு வைக்க எப்பவும் ஒத்தப்படைதான், ஒன்பது, பதினொண்ணு, பதிமூணு. கூடையில மணல் போட்டு, இடி இறங்கக் கூடாதுன்னு ஒரு இரும்புத்துண்டும் கரித்துண்டும் காஞ்ச மிளகாயும் சேர்த்து வைப்பாங்க. இருபத்தொண்ணாம் நாள் குஞ்சு சத்தம் கேக்கும். புது வம்சம் வேணும்னா பக்கத்துத் தோட்டத்து ஆளோட முட்டை மாத்திக்குவாங்க. கோழி இல்லாத வீட்டுக்கு ஒரு வெடைக்கோழியை வாரத்துக்கு விடுவாங்க. வளர்க்கறவங்களுக்குப் பாதிக் குஞ்சு, கொடுத்தவங்களுக்குப் பாதிக் குஞ்சு. இது தர்மமும் இல்லை, வியாபாரமும் இல்லை. ஒரு வீட்டுல நோய் வந்து கோழி எல்லாம் போனாலும், அதே வம்சம் இன்னொரு ஊர்ல உசுரோட இருக்கும். இப்ப பேங்க்ல காசு போட்டு வைக்கற மாதிரி அப்ப கோழியை ஊர் ஊரா போட்டு வெச்சிருந்தாங்க.

தாயில்லாம குஞ்சு பொரிக்கற வித்தை எகிப்துல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருந்துது. மண் அடுப்பு மாதிரி பெரிய அறை கட்டி, சூடு வெச்சுப் பொரிச்சாங்க. ஆனா உலகத்தையே மாத்துனது அமெரிக்காவுல கலிபோர்னியாவுல இருக்கற பெடலூமாங்கற ஊர். 1879ல் அங்க லைமன் பைஸ்ங்கறவர் நம்பகமா வேலை செய்யற பொரிப்பான் ஒண்ணு செஞ்சார். 1918ல் அமெரிக்கத் தபால் துறை குஞ்சுகளைப் பார்சல்ல ஏத்துக்க ஆரம்பிச்சுது. முட்டைக்குள்ள மிச்சமிருக்கற மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுத்தான் குஞ்சு வெளிய வரும். அதனால ரெண்டு மூணு நாள் தீவனம் தண்ணி இல்லாம தாங்கும். தாய்க்கோழி மீதி முட்டை பொரியற வரைக்கும் எந்திரிக்காம படுத்திருக்கறதுக்காக இயற்கை வெச்ச ஏற்பாடு அது. அதை வெச்சுத்தான் தாயே இல்லாத குஞ்சு ரயில் ஏறிச்சு.

மிஷின் வந்ததும் அடை படுக்கற கோழி பண்ணைக்காரனுக்கு நஷ்டமாயிடுச்சு. அடையில உக்காந்தா மூணு வாரம் முட்டை இல்லை, அப்புறம் குஞ்சோட ரெண்டு மாசம் முட்டை இல்லை. அதனால அடை படுக்கற கோழியைக் கழிச்சு, படுக்காத கோழியோட முட்டையையே மிஷின்ல வெச்சாங்க. தலைமுறை தலைமுறையா இப்படிச் செஞ்சதுல அந்தக் குணமே போயிடுச்சு. வெள்ளை லெகார்ன் வம்சத்துக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை போடும், அடைன்னா என்னன்னே தெரியாது. நம்ம நாட்டுக்கோழி 50, 60 முட்டைதான் போடும், ஆனா தன்னைத் தானே திரும்ப உண்டாக்கிக்கும்.

சின்ன வயசுல பள்ளிக்கூட வாசல்ல பச்சை, ரோஸ், ஊதான்னு சாயம் பூசின குஞ்சு வாங்கின ஞாபகம் உங்களுக்கு இருக்கும். எத்தனை அழுதாலும் ஒரு வாரத்துக்கு மேல தங்கினதில்லை, இல்லையா? அதெல்லாம் முட்டைக்கோழிப் பொரிப்பகத்துல கழிச்ச சேவல் குஞ்சுகள். முட்டை போடாது, கறிக்கும் தேறாது. தாய் தேவைப்படாத உலகத்துல ஆணும் தேவைப்படாமப் போச்சு.

கறிக்கோழி கதை இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரங்க 1800களோட முற்பாதியில நம்ம நாட்டு அசீல் சேவலைக் கப்பல்ல கொண்டு போய், இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் அவங்க சண்டைக்கோழியோட கலந்தாங்க. 'இந்தியன் கேம்'னு பேர் வெச்சாங்க, அதுதான் பின்னால கார்னிஷ் ஆச்சு. சண்டைக்கு ஆகலை, ஆனா நெஞ்சு நிறையக் கறி இருந்துது. 1948ல் அமெரிக்காவுல 'நாளைய கோழி'ன்னு ஒரு போட்டி வெச்சாங்க. கார்னிஷ் ரத்தம் கலந்த கோழிதான் ஜெயிச்சுது. இப்ப 40 நாள்ல ரெண்டு கிலோ வர்ற பிராய்லரோட நெஞ்சுக்கறியில அந்த அசீலோட பங்கு இருக்குது. நம்ம சேவல் கடல் தாண்டிப் போய், அடையாளம் தெரியாம திரும்பி வந்து, நம்ம தெருமுனைக் கடையில தொங்குது.

நம்ம நாட்டுல முட்டைக்கோழிப் பண்ணை பெருகி, நாமக்கல் அதுக்குத் தலைநகர் ஆச்சு. 1982ல் முட்டைக்கு விலை சொல்ல என்.இ.சி.சி. வந்துது. அது எத்தனையோ பேருக்குச் சோறு போட்டுச்சு, குழந்தைங்களுக்குச் சத்துணவுல முட்டையும் கொடுத்துச்சு. குறை சொல்ல மாட்டேன். அப்புறம் நாட்டுக்கோழிக்கு மறுபடி மவுசு வந்ததும், பெங்களூர் கிரிராஜா, ஹைதராபாத் வனராஜா, நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்து நந்தனம் கோழின்னு புறக்கடையில வளர்க்கறதுக்கே பல ரகம் வந்துது. எல்லாம் நல்ல கோழிதான். முட்டைக்கும் கறிக்கும் ஒரு தடவை வளர்த்து முடிக்கறவங்களுக்குத் தாராளமா வாங்கலாம். ஆனா கலப்பு ரகத்துல பொரிச்ச ரெண்டாம் தலைமுறை முதல் தலைமுறை மாதிரி இருக்காது, அடையும் சரியாப் படுக்காது. ஜாபுவாவுல இருந்து வந்த கருங்கோழி கடக்நாத் சுத்த நாட்டு ரகம்தான், 2018ல் புவிசார் குறியீடும் வாங்கிச்சு, ஆனா அடை விஷயத்துல அதுவும் மட்டம்.

இதைவிடக் கவலையான விஷயம் ஒண்ணு. இப்ப 'சுத்த நாட்டுக்கோழிக் குஞ்சு'ன்னு போர்டு போட்டு விக்கற இடங்கள்லயும் மிஷின்தான் பொரிக்குது. அங்க அடை படுக்கற கோழி முட்டை குறைச்சுடும்னு அதைத்தான் முதல்ல விக்கறாங்க. லெகார்னுக்கு நடந்தது இப்ப நம்ம சிறுவிடைக்கு நடக்குது. சிறகு நாட்டுக்கோழி மாதிரி இருக்கும், கால் மஞ்சளா இருக்கும், உள்ள தாய் இருக்க மாட்டா.

போன வருஷம் தை மாசம் எங்க தோட்டத்துல வெள்ளைக் கழிச்சல் வந்துது. இதுக்கு ராணிக்கெட்னு பேர் வந்தது, 1920களோட கடைசியில இமயமலையடி ராணிக்கேத் ஊர்ல கண்டுபிடிச்சதால. பிப்ரவரியில தடுப்பூசி முகாம் வர்றதுக்குள்ள சுத்துவட்டாரமே காலி. என் கோழிங்க 34ல் ஒன்பதே நாள்ல மிஞ்சினது மூணு. அதுல ரெண்டு சேவல், ஒண்ணு கழுத்துத் திருகிப் போன கோழி. அம்மா கையில இருந்து வந்த வம்சம் அது. அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகுது.

கொடாப்பைக் காலியாக்கி, சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு மாசம் சும்மா விட்டேன். அப்புறம் சந்தை சந்தையாத் தேடினேன். "இந்தக் கோழி எத்தனை தடவை அடை படுத்துச்சு?"ன்னு கேட்டா விக்கறவங்க சிரிச்சாங்க. கடைசியில ஞாபகம் வந்தது எங்க அத்தை ஊர். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால அம்மா ஒரு செவலைக் கோழியை அங்க ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு விட்டிருந்தாங்க. போய்ப் பார்த்தேன். அந்த ஊருக்குள்ள நோய் வரலை. அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். "உங்கம்மா பங்கு இன்னும் பாக்கி இருக்குது சாமி, எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லி, எட்டுக் குஞ்சோட ஒரு தாய்க்கோழியையும், அடைக்கு வைக்க பதினோரு முட்டையும் கொடுத்தாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. எங்கிட்ட மிஞ்சின சேவல்ல ஒண்ணை அடுத்த மாசம் நோய் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு அவங்க வீட்டுல விட்டேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்றேன். வம்சம் வளரணும்னு ஆசைப்பட்டா நூறு குஞ்சு ஆர்டர் போடாதீங்க. ஒரு கிராமத்து வீட்டுல, குஞ்சோட மேய்ஞ்சுக்கிட்டிருக்கற தாய்க்கோழியைக் குஞ்சோட சேர்த்து வாங்குங்க. பருந்து நிழல் விழுந்தா அது எப்படிக் குரல் கொடுக்குது, குஞ்சு எப்படி ஓடி ஒளியுதுன்னு ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும், அந்தச் சேவல் வேற ஊர்க்காரனா இருக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சேவலை மாத்துங்க, இல்லைன்னா அண்ணன் தங்கச்சி கலந்து குஞ்சு சொத்தையாயிடும்.

ஒருநாள் குஞ்சுதான் கிடைக்குதுன்னா, தொப்புள் காய்ஞ்சிருக்கா, கண்ணு பளிச்சுன்னு இருக்கா, ரெண்டு கால்லயும் நேரா நிக்குதா, பின்பக்கம் ஒட்டாம சுத்தமா இருக்கான்னு ஒவ்வொண்ணாக் கையில எடுத்துப் பாருங்க. முதல் வாரம் பல்பு சூடு கட்டாயம் வேணும். ஏழாம் நாள் கழிச்சல் சொட்டு மருந்தும் போட்டுடுங்க. முட்டைக்கு வர்ற வயசுல அதுல எது அடை படுக்குதோ அதை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்ததைக் குழம்புக்கு அனுப்புங்க. நாலு தலைமுறை அப்படிப் பார்த்துக் கழிச்சா தொலைஞ்ச குணம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்.

வளர்ந்ததும் ஒரு வெடைக்கோழியை யாருக்காவது வாரத்துக்கு விடுங்க. நம்ம வீட்டுல எப்ப நோய் வரும்னு யாருக்கும் தெரியாது. நம்ம கோழி நாலு வீட்டுல இருந்தா, தேடிப் போக நாலு வாசல் இருக்கும்.