டேலி ஆகாத எண்

பி.காம். படித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். ராத்திரி பூரா கண் விழித்து ட்ரயல் பேலன்ஸ் போட்டால், டேலி ஆகாது. எங்கோ தப்பு இருக்கிறது, அது நிச்சயம். எங்கே? அதுதான் தெரியாது. கணித உலகமே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 27 வருடம் இப்படி முழித்திருக்கிறது!

பகா எண் ஸ்கூலில் படித்ததுதான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்றைக் கழித்தால் 31. பகா எண்! எல்லா முறையும் இப்படி அமையாது. எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் அமையும் என்று, 257 வரைக்கும் ஒரு பட்டியலை 1644-ல் வெளியிட்டார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். அதில் 67-ம் உண்டு. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 21 இலக்கம் வரும். அதை யார் உட்கார்ந்து வகுத்துப் பார்ப்பது? பட்டியல் பாட்டுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் ஓடியது.

1876-ல் எத்வார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், வகுக்கும் எண்ணைத் தேடாமலேயே பகா எண்ணைச் சோதிக்க ஒரு வழி கண்டார். 127 இரண்டுகள் தேறின. அந்த 39 இலக்க எண்தான் 1951 வரை உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண். ஆனால் 67? ம்ஹூம், ஃபெயில். சரி, எதால்தான் வகுபடும்? அதை அவர் வழி சொல்லாது. அச்சு அசல் ட்ரயல் பேலன்ஸ்!

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் அந்த 21 இலக்க எண்ணை எழுதினார் என்பார்கள். பக்கத்தில் 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் பெருக்கினார். அதே விடை! போய் உட்கார்ந்துவிட்டார். ஒரே கைதட்டல். எவ்வளவு நாளாச்சு என்று கேட்டதற்கு, 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம்.

கவனியுங்கள். கண்டுபிடிக்க மூன்று வருடம். சரிபார்க்க ஒரே ஒரு பெருக்கல். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் தாவு தீர்ந்துவிடும். இந்த ஒருவழிப் பாதையை வைத்துத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஒரு ரகசியப் பூட்டு செய்தார்கள். இணையத்தில் கார்டு நம்பர் கொடுப்பவர்களின் பணத்தைக் காவல் காத்த பூட்டு அது. இப்போது அதற்கு 600 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்கள் வேண்டும். அதைப் பிரிக்க இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாலும் போதாது.

மெர்சென் பட்டியலில் மொத்தம் ஐந்து தப்பு. 67, 257 இரண்டும் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போனவை. ஆனாலும் அந்த வகைப் பகா எண்களுக்கு இன்றும் அவர் பெயர்தான்!

அடுத்த முறை உங்கள் கணக்கு டேலி ஆகாவிட்டால் மனம் தளராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருக்கவே இருக்கிறது.