மிதிவண்டி விளக்கும் மின்கலமும்: வரலாறு

மிதிவண்டி விளக்கு என்பது இரவில் ஓட்டுபவருக்கு வழியைக் காட்டவும், எதிரில் வருபவருக்கு அவரைக் காட்டவும் வண்டியில் பொருத்தப்படும் கருவியாகும். இதற்கான ஆற்றலை எங்கிருந்து பெறுவது, அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பவையே இக்கருவியின் வரலாறு முழுவதும் தொடரும் கேள்விகள்.

எண்ணெயும் கார்பைடும்

முன்சக்கரம் பெரிதாக இருந்த 19ஆம் நூற்றாண்டு மிதிவண்டிகளில், சக்கரத்தின் அச்சிலேயே எண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டனர். காற்றும் குலுக்கலும் அதை எளிதில் அணைத்துவிடும். 1892இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் மின் உலையில் கால்சியம் கார்பைடு தயாரிக்கும் முறையைக் கண்டறிந்ததும் நிலை மாறியது. மேல் அறையிலிருந்து சொட்டும் நீர் கீழே உள்ள கார்பைடில் விழ, அசிட்டிலீன் வாயு உண்டாகி வெண்ணிற ஒளியுடன் எரியும். ஒளி அதிகம், ஆனால் எஞ்சும் சுண்ணாம்புச் சேற்றை அடிக்கடி சுரண்டிக் கழுவ வேண்டியிருந்தது.

ஒசாகாவின் மின்கல விளக்கு

தொடக்ககால மின்கல விளக்குகள் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். அதனால் சப்பானில் பலர் மெழுகுவர்த்தி விளக்குகளையே பயன்படுத்தினர். சிறுவயதில் ஒசாகா மிதிவண்டிக் கடை ஒன்றில் வேலை பார்த்த கோனோசுகே மட்சுசிதா, 1923இல் துப்பாக்கிக் குண்டு வடிவிலான விளக்கை உருவாக்கினார். குறைந்த மின்னோட்டத்தில் எரியும் சிறு குமிழும் அதற்கேற்ற உலர் மின்கலமும் சேர்ந்து 30 முதல் 40 மணி நேரம் ஒளி தந்தன.

ஆயினும் மொத்த வணிகர்கள் அதை வாங்க மறுத்தனர். பழைய விளக்குகளால் மின்கலத்தின்மீது நம்பிக்கை போயிருந்தது. மட்சுசிதா சில்லறைக் கடைகளில் விளக்குகளைக் கொடுத்து, ஒன்றை எரியவிட்டுப் பார்க்கச் சொன்னார். சொன்ன நேரம் எரிந்தால் பணம் தந்தால் போதும் என்றார். கடைக்காரர்கள் தங்கள் கண்ணால் பார்த்த பிறகே விற்பனை பெருகியது. 1927இல் வெளிவந்த சதுர விளக்கில்தான் 'நேசனல்' என்ற வணிகப்பெயர் முதன்முதலில் இடம்பெற்றது. அந்நிறுவனமே இன்றைய பானாசோனிக்.

டைனமோ

மின்கலச் செலவைத் தவிர்க்க, சக்கரத்தில் உரசிச் சுழலும் டைனமோ பரவியது. 6 வோல்ட், 3 வாட் என்பது இதன் வழக்கமான அளவு. தமிழ்நாட்டிலும் இது பல ஆண்டுகள் புழங்கியது. மிதிப்பது கனமாகும், வண்டி நின்றால் விளக்கும் அணையும் என்பவை இதன் குறைகள். பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட சிறு மின்தேக்கி, நின்ற பின்னும் சில நிமிடங்கள் ஒளி தந்தது. செருமனியில் பெரும்பாலான மிதிவண்டிகளுக்கு டைனமோ கட்டாயம் என்றிருந்த விதி 2013இல்தான் தளர்த்தப்பட்டது.

மின்கல வகைகளும் தேர்வும்

• துத்தநாக–கார்பன்: 1.5 வோல்ட். விலை குறைவு. தீர்ந்தபின் உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து விளக்கைக் கெடுக்கும்.
• காரவகை (அல்கலைன்): அதே 1.5 வோல்ட், கூடுதல் நேரம் உழைக்கும். எப்போதாவது இரவில் செல்பவருக்குப் போதும்.
• நிக்கல் உலோக ஐதரைடு: 1.2 வோல்ட். நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம். பயன்படுத்தாமல் வைத்தாலும் மின்னேற்றம் மெல்லக் குறையும்.
• இலித்தியம் அயனி: 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 3.6 வோல்ட், எடை குறைவு. அன்றாடம் ஓட்டுபவருக்கு ஏற்றது. அடிபட்டாலோ மிகச் சூடானாலோ தீப்பற்றும் அபாயம் உண்டு.

1990களில் வந்த வெண்ணிற எல்.இ.டி., குமிழ் விளக்கைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதால் சிறு மின்கலமே போதுமானதாயிற்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய குமிழ் விளக்கு மெல்ல மங்கி, மின்கலம் தீர்வதை முன்பே உணர்த்தும். இன்றைய இலித்தியம் விளக்குகள் பலவும் கடைசிவரை ஒரே அளவில் எரிந்து திடீரென அணையக்கூடும். நடுச்சாலையில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒளியின் அளவோடு, முழு ஒளியில் எத்தனை மணி நேரம் எரியும், மின்னேற்றம் குறைவதைக் காட்டும் குறிகாட்டி உண்டா என்பவற்றையும் பார்த்து வாங்க வேண்டும். பின்பக்கச் சிவப்பு விளக்குக்குத் தனி மின்கலம் இருப்பது நல்லது; ஒன்று அணைந்தாலும் மற்றொன்று எரியும்.